சீட்டில் கிடக்கும் துண்டு

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டிக்குச் சற்று முன்னால் இருக்கிறது புதுவாயல். ராத்திரி பகல் என்றில்லாமல் லாரிகள் ஓடும் சாலை. பழைய இரும்பை ஏற்றிக்கொண்டு உருக்காலைகளுக்குப் போகும் வண்டிகளும், சிப்காட் வளாகத்திலிருந்து கட்டுமானக் கம்பிகளோடு வெளியே வரும் டிரெய்லர்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். இரும்பு எடைபோட்டு விற்கப்படும் பொருள். அதனால் இந்த வட்டாரத்தில் எடைமேடைக்கு எப்போதும் வேலை உண்டு. ஓடும் நிரல் ஒன்று தன்னைப் பற்றி எழுதிவைக்கும் ஒரு சின்னக் குறிப்பைப் புரிந்துகொள்ளவும் எடைமேடையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

எடைமேடையின் அமைப்பு எளிமையானது. மேடைக்கு அடியில் லோடு செல்கள். அவற்றிலிருந்து வரும் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றிக் காட்டும் இண்டிகேட்டர் பெட்டி ஒன்று அறைக்குள் இருக்கும். அந்தப் பெட்டியின் பின்புறத்திலிருந்து ஒரு சீரியல் கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகும். வண்டி நிற்கிறதோ இல்லையோ, பல இண்டிகேட்டர்கள் வினாடிக்குப் பல முறை எடையை அந்தக் கம்பி வழியே அனுப்பிக்கொண்டே இருக்கும். பைத்தானிலோ பெர்லிலோ எழுதிய சிறிய ஸ்கிரிப்ட் ஒன்று பின்னணியில் இருந்து அதைப் படித்து, காலி வண்டியின் எடையையும் லோடு எடையையும் குறித்து, கழித்து, சீட்டை அச்சடிக்கும்.

மழைக்கால மாலை ஒன்றில் கரண்ட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். யூபிஎஸ் பேட்டரி பழையது, ஐந்து நிமிடம் தாங்காது. கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் எழுந்துவிடுகிறது, ஸ்கிரிப்ட் மட்டும் எழவில்லை. திரையில் ஒரே வரி: ‘ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.’ மேடையின் மேல் லாரி, அதற்குப் பின்னால் இன்னும் மூன்று.

“அண்ணே, சீட்டு வருமா வராதா?”

“இருப்பா. ஓடாததை ஓடுதுங்குது.”

அப்படிச் சொல்ல வைத்தது ஒரு கோப்பு. அதில் இருப்பது நான்கைந்து இலக்கங்கள் மட்டுமே.

யூனிக்ஸ் வழிவந்த எந்த இயங்குதளத்திலும் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும், இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஓர் எண் கொடுக்கிறது. அதுதான் பிராசஸ் ஐடி, சுருக்கமாக பிஐடி. பின்னணியில் ஓடும் நிரல் தனக்குக் கிடைத்த எண்ணை ஒரு கோப்பில் எழுதிவைப்பது பழைய வழக்கம். லினக்ஸ் கோப்பு முறையின் பொதுத் தரநிர்ணயம் இதற்கு ஓர் உதாரணமே தருகிறது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் கிரான் நிரலின் எண் 25 என்றால், அதன் பிஐடி கோப்பில் மூன்றே எழுத்துகள் இருக்க வேண்டும்: இரண்டு, ஐந்து, வரி முடிவு. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. ஒரு கணினியில் இருக்கக்கூடிய மிகச் சிறிய கோப்புகளில் இதுவும் ஒன்று. ஆனாலும் இதைச் சரியாகக் கையாளத் தெரியாமல் இரவு முழுக்கக் கண் விழித்த பொறியாளர்கள் ஏராளம்.

நெரிசல் நேரத்தில் பஸ் ஏறியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியே ஒரு துண்டு உள்ளே வந்து விழும். துண்டுக்கு உரியவர் இன்னும் படிக்கட்டில் முட்டிக்கொண்டிருப்பார். ஆனாலும் சீட்டில் துண்டைப் பார்த்தவர் அங்கே உட்காரமாட்டார். பிஐடி கோப்பும் அப்படி ஒரு துண்டுதான். போட்டவரின் எண்ணும் அதன்மேல் எழுதியிருக்கும், அவ்வளவே வேறுபாடு. துண்டு போட்டவர் பஸ்ஸையே தவறவிட்டுவிட்டால் என்ன ஆகும்? பாதி வழி வரைக்கும் அந்தச் சீட்டு காலியாகவே போகும், பக்கத்தில் ஒரு கைக்குழந்தைக்காரி நின்றுகொண்டு வருவாள். புதுவாயல் எடைமேடையில் நடந்தது அதுதான். கரண்ட் போனபோது நிரல் செத்துவிட்டது, துண்டு சீட்டிலேயே கிடக்கிறது.

அப்படியானால் துண்டே போடாமல் இருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். எடைமேடைதான் அதற்கும் பதில் சொல்கிறது. ஒரே ஸ்கிரிப்ட் தவறுதலாக இரண்டு முறை தொடங்கப்பட்டு, இரண்டு பிரதிகளும் ஒரே சீரியல் போர்ட்டைப் படிப்பதாக வைத்துக்கொள்வோம். கம்பி வழியே வரும் எழுத்துகள் இரண்டுக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கப்படுவதில்லை. எது முதலில் கை நீட்டுகிறதோ அதற்குப் போய்விடும். இண்டிகேட்டர் அனுப்பியது 28460 என்றால் ஒரு பிரதிக்கு 284 கிடைக்கும், மற்றதற்கு 60 கிடைக்கும். அடுத்த நொடி வேறு மாதிரி உடையும். இருபத்தெட்டு டன் இரும்பு காகிதத்தில் இருநூற்று எண்பத்து நான்கு கிலோ ஆகிவிடும். இரண்டு பேர் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது என்பதற்காகத்தான் துண்டு.

இந்தத் தொல்லை சீரியல் போர்ட்டுக்குப் புதிதல்ல. இணையம் பரவும் முன்பு யூனிக்ஸ் கணினிகள் தொலைபேசிக் கம்பி வழியே ஒன்றையொன்று அழைத்துக் கடிதங்களையும் கோப்புகளையும் பரிமாறிக்கொண்டன. அதற்கான யூயூசிபி என்ற ஏற்பாட்டை பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் எழுதினார். 1983-இல் பீட்டர் ஹனிமேன், டேவிட் நோவிட்ஸ், பிரையன் ரெட்மன் ஆகிய மூவரும் அதைத் திரும்ப எழுதினார்கள். மூவரின் லாகின் பெயர்களையும் ஒட்டவைத்து அந்தப் பதிப்புக்கு ‘ஹனிடான்பெர்’ என்று பெயர் வந்தது. ஒரு மோடத்தை இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் பிடித்துவிடாமல் இருக்க, மோடத்தின் பெயரில் ஒரு பூட்டுக் கோப்பு இருக்கும், அதற்குள் பிடித்திருப்பவரின் பிஐடி. பத்து இலக்க அகலம், முன்னால் இடைவெளி, கடைசியில் வரி முடிவு. எண் 1230 என்றால் ஆறு இடைவெளிகளும் நான்கு இலக்கங்களும் வரி முடிவும் சேர்ந்து பதினொரு எழுத்துகள். நாற்பது ஆண்டுகள் கடந்தும் லினக்ஸ் தரநிர்ணயத்தில் சீரியல் போர்ட் பூட்டுகளுக்கு அதே வடிவம்தான் எழுதப்பட்டிருக்கிறது. எடைமேடையின் கேபிளும் அந்த மோடம் கேபிளின் பங்காளிதான்.

துண்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பின்னணியில் ஓடும் நிரலுக்கு ஆங்கிலத்தில் ‘டீமன்’ என்று பெயர். 1963-இல் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு, இயற்பியலில் வரும் மேக்ஸ்வெல்லின் டீமனை நினைத்து வைத்த பெயர் அது. தமிழில் பூதம் என்றால் மிகச் சரியாகப் பொருந்தும்; கண்ணுக்குத் தெரியாமல் ஏவிய வேலையைச் செய்யும். பூதத்துக்குத் திரை கிடையாது, மூடுவதற்கு ஜன்னலும் கிடையாது. அதைத் தொடங்கிவைத்த நிரல் உடனே இறந்துவிடும். அநாதையான பூதத்தை எண் 1 கொண்ட முதல் நிரல் தத்து எடுத்துக்கொள்ளும். பெற்றவரும் இல்லாத, முகமும் இல்லாத ஒன்றை எப்படிக் கூப்பிடுவது? எண்ணைச் சொல்லித்தான். நிறுத்த வேண்டுமானாலும், மாற்றிய அமைப்புகளைப் படிக்கச் சொல்ல வேண்டுமானாலும், அந்த எண்ணுக்கு ஒரு சிக்னல் அனுப்ப வேண்டும். எண்ணை யாராவது எழுதிவைத்திருந்தால்தான் அது முடியும்.

டெபியன் லினக்ஸ் இதற்கென்றே ஒரு கருவி வைத்திருக்கிறது. பூதங்களைத் தொடங்கவும் நிறுத்தவும் பயன்படும் அந்தக் கருவியை இயன் ஜாக்சன் முதலில் பெர்லில்தான் எழுதினார். கணினி தொடங்கும்போது பல முறை கூப்பிடப்படும் நிரல் என்பதால், வேகத்துக்காக மாரெக் மிகல்கிவிச் பிறகு அதை சி மொழியில் மாற்றி எழுதினார். இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்கு வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் டெபியனை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளம் அது. பொன்னேரியிலோ கும்மிடிப்பூண்டியிலோ பிளஸ் டூ படித்த பிள்ளை பாஸைத் திறந்த ஒவ்வொரு முறையும், திரைக்குப் பின்னால் பூதங்கள் எழுந்து தங்கள் எண்களைச் சின்னச் சின்னக் கோப்புகளில் எழுதிக்கொண்டிருந்தன. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அந்த மடிக்கணினிதான் வீட்டுக்கு வந்த முதல் கணினி. அதை வெறும் இலவசப் பொருளாகப் பார்த்தவர்கள் அதற்குள் இருந்த இந்தக் கல்வியைப் பார்க்கவில்லை.

சீட்டில் கிடக்கும் துண்டு உயிருள்ளவருடையதா என்று சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அந்த எண்ணுக்குப் பூஜ்ய சிக்னல் அனுப்புவது. அது எதையும் செய்யாது. ஆள் இருக்கிறாரா, அவரைத் தொட அனுமதி இருக்கிறதா என்று மட்டும் கெர்னல் பார்த்துச் சொல்லும். பதில் மூன்று வகையில் வரலாம்: இருக்கிறார்; அப்படி ஓர் ஆளே இல்லை; இருக்கிறார், ஆனால் அவர் வேறொருவருடைய ஆள், நீ தொடக் கூடாது. மூன்றாவது பதிலில்தான் பல ஸ்கிரிப்ட்கள் சறுக்குகின்றன. பிழை என்று வந்தாலே ஆள் இல்லை என்று முடிவுகட்டி, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரின் பெயரில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் துண்டை எடுத்து வீசிவிடுகின்றன. பைத்தான் 3.3 இந்த இரண்டு பிழைகளுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்தது. அதன் பிறகு இந்தக் குழப்பத்துக்குச் சாக்கு இல்லை.

விண்டோஸில் இதே சோதனை வேறு விதமாகத் திரும்பும். பல எடைமேடை அறைகளில் இருப்பது விண்டோஸ் கணினி என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே பைத்தானில் பூஜ்யம் என்பது ‘சும்மா பார்’ என்ற சிக்னல் அல்ல; கண்ட்ரோல் சி அழுத்தியதற்குச் சமமான நிகழ்வின் எண் அது. கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் பிரேக் ஆகிய இரண்டைத் தவிர வேறு எந்த எண்ணைக் கொடுத்தாலும் அந்த நிரல் அங்கேயே கொல்லப்படும். லினக்ஸில் நாடி பிடித்துப் பார்த்த அதே வரி, விண்டோஸில் கழுத்தைப் பிடித்துவிடலாம்.

லினக்ஸிலும் நாடி எப்போதும் உண்மை சொல்வதில்லை. பிஐடி எண்கள் தீர்ந்துபோகும். வெகுகாலம் வரை லினக்ஸில் வழக்கமான எல்லை 32768. அதை எட்டியதும் கெர்னல் திரும்பவும் 300-லிருந்து, காலியாக இருக்கும் எண்களைக் கொடுக்கத் தொடங்கும். தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு டோக்கன் நம்பர் என்றால் தெரியும். ஒருவர் வேலையை விட்டுப் போகிறார், அவருடைய 214-ஆம் டோக்கன் அடுத்த மாதம் சேரும் ஒரு புதுப் பையனுக்கு வருகிறது. பழைய ஆள் மேல் எழுதிய புகார்க் காகிதம் ஒன்று மேசையில் கிடக்கிறது. சூப்பர்வைசர் காகிதத்தைப் பார்த்து, “டோக்கன் 214, வெளியே போ” என்றால் போவது யார்? பிஐடி கோப்பைப் படித்துக் கண்ணை மூடிக்கொண்டு சிக்னல் அனுப்பும் ஸ்கிரிப்ட் செய்வது அதே காரியம்தான். நேற்று செத்த பூதத்தின் எண்ணில் இன்று தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கலாம்.

நிரல்களைத் தனித்தனி அடைப்புகளுக்குள் ஓடவைக்கும் கன்டெய்னர்கள் வந்த பிறகு இந்த வேடிக்கை தினசரி நிகழ்ச்சி ஆனது. ஒவ்வொரு கன்டெய்னருக்குள்ளும் எண்கள் 1-லிருந்து தொடங்குகின்றன. அதனால் உள்ளே ஓடும் முக்கிய நிரலுக்கு ஒவ்வொரு முறையும் அதே எண் கிடைக்கும். ரூபி மொழியில் எழுதப்பட்ட ரெயில்ஸ் சர்வர் தன் எண்ணான 1-ஐக் கோப்பில் எழுதுகிறது. கன்டெய்னர் திடீரென்று நிற்கிறது. திரும்ப எழும்போது கோப்பில் 1 இருக்கிறது. ‘எண் 1 உயிரோடு இருக்கிறாரா?’ என்று கெர்னலைக் கேட்டால், ‘இருக்கிறார்’ என்று பதில் வருகிறது. கேட்டவரே அந்த எண் 1! சர்வர் தன்னைப் பார்த்தே பயந்து, ‘ஏற்கெனவே ஒரு சர்வர் ஓடுகிறது’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். உலகெங்கும் ரெயில்ஸ் கற்றுக்கொண்டவர்கள் இந்தச் செய்தியில் முட்டியிருக்கிறார்கள். கன்டெய்னர் கருவியைத் தரும் டாக்கர் நிறுவனத்தின் பயிற்சிப் பக்கத்திலேயே, சர்வரைத் தொடங்கும் முன் அந்தப் பழைய கோப்பை அழிக்கும் ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது.

எண்ணோடு இன்னொரு அடையாளமும் சேர்த்துக்கொண்டால் குழப்பம் குறையும். ஊரில் நான்கு முருகன் இருந்தால் தலைப்பெழுத்தைச் சேர்த்துச் சொல்வதைப் போல. லினக்ஸ் ஒவ்வொரு நிரலும் எப்போது பிறந்தது என்ற நேரத்தையும் வைத்திருக்கிறது. பைத்தானின் பிஎஸ்யூடில் நூலகம் எண்ணையும் பிறந்த நேரத்தையும் சேர்த்தே ஒரு நிரலை அடையாளம் காண்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இன்னும் முன்ஜாக்கிரதையானது. அதன் பிஐடி கோப்பில் எண்ணோடு தரவு இருக்கும் இடம், தொடங்கிய நேரம், போர்ட் எண், பகிர்வு நினைவகத்தின் சாவி எல்லாம் வரிசையாக இருக்கும். எண்ணை மட்டும் நம்பி விடாமல், அந்தப் பகிர்வு நினைவகத்தை இன்னும் யாராவது பிடித்துக்கொண்டிருக்கிறார்களா என்றும் பார்க்கும். கோடிக்கணக்கான ரூபாய்க் கணக்கை வைத்திருப்பவர்களுக்கு இந்த அளவு சந்தேக புத்தி தேவைதான்.

கோப்பில் எண்ணே இல்லாவிட்டால்? டிஸ்க் நிரம்பிவிட்டது, கோப்பு உருவானது, எழுத இடமில்லை. காலியான கோப்பு மிஞ்சியது. இங்கேதான் ஸ்கிரிப்ட் மொழிகளின் குணம் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. காலி எழுத்தை எண்ணாக மாற்றச் சொன்னால் பைத்தான் மறுத்து, பிழை என்று கத்தும். பெர்லும் பிஎச்பியும் பெருந்தன்மையாகப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். அந்தப் பெருந்தன்மைதான் ஆபத்து. சிக்னல் அனுப்பும்போது எண் பூஜ்யம் என்றால், ‘என் குழுவில் இருக்கும் எல்லாருக்கும்’ என்று பொருள். பூதத்தை நிறுத்தப் போன ஸ்கிரிப்ட் தன்னையும், தன்னோடு ஓடிக்கொண்டிருந்த மற்றவற்றையும் சேர்த்து நிறுத்திவிடும். கழித்தல் ஒன்று என்றால் இன்னும் மோசம்; அனுமதி உள்ள அத்தனை நிரல்களுக்கும் அந்தச் சிக்னல் போகும். கோப்பிலிருந்து படித்தது ஒன்றைவிடப் பெரிய முழு எண்தானா என்று பார்க்க ஒரே வரி போதும். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்ட ஸ்கிரிப்ட்கள் இன்னும் எத்தனையோ சர்வர்களில் உட்கார்ந்திருக்கின்றன.

இதில் கெட்ட எண்ணமும் புகலாம். அதிகாரம் குறைந்த பயனர் எழுதக்கூடிய கோப்பை, அதிகாரம் மிக்க ரூட் படித்துக் கொலை உத்தரவு போடுகிறது என்றால், எழுதுபவர் யாருடைய எண்ணை வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். லினக்ஸில் பூதங்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பழைய பதிப்புகளில் இந்த ஓட்டை இருந்தது. பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் அது 2018-ஆம் ஆண்டின் 16888-ஆம் எண்ணில் பதிவாகியிருக்கிறது. 237-ஆம் பதிப்பிலிருந்து அது அடைக்கப்பட்டது.

சரி, துண்டு போடும் கணத்துக்கு வருவோம். பெரும்பாலான ஸ்கிரிப்ட்கள் இப்படி எழுதப்படுகின்றன: கோப்பு இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் உருவாக்கி எண்ணை எழுது. படிக்கும்போது குற்றம் ஏதும் தெரியாது. ஆனால் ‘பார்’ என்பதற்கும் ‘உருவாக்கு’ என்பதற்கும் நடுவில் ஒரு இமைப்பொழுது இருக்கிறது. அந்த இமைப்பொழுதில் இன்னொரு பிரதியும் அதே காலிச் சீட்டைப் பார்த்துவிடலாம். இரண்டும் உட்கார்ந்துவிடும். கிரான் மூலம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடைக் கணக்கைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு என்றால், நெட்வொர்க் மந்தமான நாளில் முந்தைய ஓட்டம் முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். ஒரே லோடு இரண்டு முறை பதிவாகும்.

பார்ப்பதையும் உருவாக்குவதையும் ஒரே செயலாகச் செய்யச் சொல்லிக் கெர்னலைக் கேட்கலாம்: ‘இல்லையென்றால் மட்டும் உருவாக்கு, இருந்தால் பிழை சொல்.’ ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் கோப்புக்குப் பதிலாக ஒரு அடைவை உருவாக்கியும் இதைச் சாதிப்பார்கள். ஒரே பெயரில் இரண்டாவது அடைவை உருவாக்க முடியாது அல்லவா? இது முதல் சிக்கலைத் தீர்க்கும். கரண்ட் போனால் துண்டு கிடக்கும் சிக்கல் அப்படியே இருக்கும்.

அதற்கு மருந்து, துண்டுக்குப் பதிலாக ஆளையே உட்காரவைப்பது. 1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் ‘எஃப்லாக்’ என்ற பூட்டு வந்தது. நிரல் ஒரு கோப்பைத் திறந்து, ‘இது என் பிடியில்’ என்று கெர்னலிடம் சொல்லிவைக்கிறது. இந்தப் பூட்டு டிஸ்கில் எழுதப்படுவதில்லை, கெர்னலின் நினைவில் மட்டும் இருக்கும். நிரல் எப்படிச் செத்தாலும் கெர்னல் அதன் கைகளை விடுவித்துவிடும்: ஒழுங்காக முடிந்தாலும் சரி, ஒன்பதாம் எண் சிக்னலால் வெட்டப்பட்டாலும் சரி, மின்வெட்டில் கணினியே அணைந்தாலும் சரி. உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டால் சீட்டு காலி. அவர் உயிரோடு இருக்கிறாரா என்று யாரும் நாடி பார்க்க வேண்டியதில்லை. வெளியேறும்போது துண்டை எடுக்கும் வேலையை ஸ்கிரிப்ட்டிடம் விட்டால் அது பல நேரம் செய்யாது. உதாரணமாக, பைத்தானில் ‘முடியும்போது இதைச் செய்’ என்று பதிந்துவைத்த வேலைகள், பைத்தான் கையாளாத சிக்னலால் நிரல் கொல்லப்படும்போது நடப்பதில்லை. கெர்னல் அப்படி மறப்பதில்லை.

ஆனாலும் ஸ்கிரிப்ட் மொழிகள் இந்த நல்ல பூட்டையும் கோட்டைவிடச் சில வழிகள் வைத்திருக்கின்றன. பழகாதவர்கள் விழும் குழிகள் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

பைத்தானில் ஒரு ஃபங்ஷனுக்குள் கோப்பைத் திறந்து, பூட்டி, வெளியே வந்துவிடுகிறார்கள். கோப்பைப் பிடித்திருந்த மாறி அந்த ஃபங்ஷனோடு முடிந்துவிடுகிறது. யாரும் பயன்படுத்தாத பொருள் என்று பைத்தான் அதைச் சுத்தம் செய்கிறது, கோப்பு மூடப்படுகிறது, கூடவே பூட்டும் போய்விடுகிறது. நிரல் தொடர்ந்து ஓடுகிறது, தான் பூட்டி வைத்திருப்பதாக நம்பிக்கொண்டு. பெர்லிலும் இதே கதைதான். அந்த மாறியை நிரல் முடியும் வரை உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, எழுதும் முறையில் கோப்பைத் திறப்பது. அப்படித் திறந்த உடனேயே உள்ளே இருந்தது அழிந்துவிடும். பூட்டு கிடைக்குமா என்று கேட்பது அதற்குப் பிறகுதான். கிடைக்கவில்லை என்று இரண்டாவது பிரதி ஒழுங்காக வெளியேறும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் முதல் பிரதியின் எண்ணைத் துடைத்துவிட்டுப் போயிருக்கும். அழிக்காத முறையில் திறந்து, பூட்டு கிடைத்த பிறகே பழையதைத் துடைத்துப் புதிய எண்ணை எழுத வேண்டும்.

பிள்ளைகளிடம் சாவி போவது மூன்றாவது. ஸ்கிரிப்ட் பிறப்பிக்கும் துணை நிரல்களுக்கு, திறந்திருக்கும் கோப்புகளும் பூட்டோடு சேர்ந்து பரம்பரைச் சொத்தாகப் போகக்கூடும். தாய் செத்த பிறகும் பிள்ளை பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஷெல்லில் இது அடிக்கடி நடக்கிறது. பைத்தான் 3.4-லிருந்து, வேறு நிரலாக மாறும் பிள்ளைகளுக்கு இந்தச் சொத்து இயல்பாகப் போகாது.

எல்லாவற்றையும்விடக் கண்ணுக்குத் தெரியாதது கோப்பை அழிக்கும் ஆசை. வேலை முடிந்ததும் இடத்தைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு கோப்பை அழிக்கிறார்கள். முதல் பிரதி முடியப்போகிறது. இரண்டாவது அதே கோப்பைத் திறந்து பூட்டுக்காகக் காத்திருக்கிறது. முதலாவது கோப்பின் பெயரை அழித்துவிட்டுப் போகிறது. இரண்டாவதற்குப் பூட்டு கிடைக்கிறது, ஆனால் பெயரில்லாத கோப்பின் மேல். மூன்றாவது வருகிறது; அந்தப் பெயரில் கோப்பே இல்லை, புதிதாக உருவாக்குகிறது, பூட்டுகிறது. இப்போது இரண்டு பேர் இரண்டு வேறு கோப்புகளைப் பிடித்துக்கொண்டு, இருவரும் தாங்கள்தான் ஒரே ஆள் என்று ஓடுகிறார்கள். எஃப்லாக் பயன்படுத்தினால் கோப்பை அப்படியே விட்டுவிடுவதுதான் முறை. பழைய எண்ணோடு கிடக்கும் கோப்பு யாருக்கும் கெடுதல் செய்யாது.

சிஸ்டம்டி 2010-இல் வந்த பிறகு, பூதங்களின் கணக்கை அதுவே குழுவாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. பல நிரல்களுக்கு பிஐடி கோப்பே தேவைப்படுவதில்லை. கோப்பு தேவைப்படும் இடங்களிலும் ஒரு நல்ல மாற்றம் நடந்தது. பழைய ‘வார்’ அடைவுக்குள் இருந்த ‘ரன்’, 2011-இல் ஃபெடோரா 15-லிருந்து மேல்மட்டத்துக்கு வந்து, டிஸ்கில் இல்லாமல் நினைவகத்தில் இருக்கும் இடமாக ஆனது. கணினி அணைந்தால் அங்கே இருந்த துண்டுகள் எல்லாம் தானாகவே மறைந்துவிடும். புதுவாயல் எடைமேடையின் ஸ்கிரிப்ட் தன் எண்ணை அங்கே எழுதியிருந்தால் அன்று லாரி காத்திருக்க வேண்டியிருக்காது. எழுதியவர் பிஐடி கோப்பை ஸ்கிரிப்ட்டுக்குப் பக்கத்திலேயே, டிஸ்கில் வைத்திருந்தார். இப்படி வைப்பவர்கள் அதிகம். ஸ்கிரிப்ட்டைப் பிரதி எடுத்துப் போகும்போது எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்ற எண்ணம்.

எண்கள் திரும்ப வருவதற்கும் கெர்னலே ஒரு வழி கண்டுவிட்டது. 2019-இல் லினக்ஸ் 5.1-இல் தொடங்கிய ‘பிஐடி எஃப்டி’ என்ற ஏற்பாட்டில், நிரலின் எண்ணுக்குப் பதிலாக அந்த நிரலையே பிடித்துக்கொள்ளும் ஒரு கைப்பிடி கிடைக்கிறது. அந்த நிரல் செத்துவிட்டால் கைப்பிடி வெறுமையாகும், வேறொருவருக்குப் போகாது. டோக்கன் நம்பரைச் சொல்லிக் கூப்பிடாமல் ஆளின் சட்டையையே பிடித்துக்கொள்வது போல. கிறிஸ்டியன் பிரவுனர் முன்னின்று செய்த வேலை இது. பைத்தான் 3.9-இலிருந்து ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கும் இது கைக்கு எட்டுகிறது. அதே 2019-இல் சிஸ்டம்டி 64 பிட் கணினிகளில் எண்ணின் எல்லையை 41,94,304-ஆக உயர்த்திவிட்டது; ஒரு சுற்று முடிந்து பழைய எண் திரும்ப வர இனி வெகுநேரம் ஆகும்.

எடைமேடைக்கு இவ்வளவு நவீனமான எதுவும் தேவையில்லை. புதுவாயலிலும் கவரைப்பேட்டையிலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இயங்குதளப் பாடத்தில் பிராசஸும் சிக்னலும் பூட்டும் படித்த மாணவர் ஒருவர் ஒரு மதிய நேரத்தில் அந்த ஸ்கிரிப்ட்டைச் சரிசெய்துவிட முடியும். கோப்பை அழிக்காத முறையில் திறக்க வேண்டும். காத்திருக்காமல் எஃப்லாக் கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் உள்ளே இருக்கும் எண்ணைத் திரையில் காட்டிவிட்டு வெளியேற வேண்டும். கிடைத்தால் தன் எண்ணை எழுதி, கோப்பு மாறியைக் கடைசி வரை பிடித்திருக்க வேண்டும். சீரியல் போர்ட்டையும் தனக்கு மட்டும் என்று கேட்டுத் திறக்கலாம். பைசீரியல் நூலகத்தில் அதற்கான வசதி இருக்கிறது, உள்ளே அதுவும் எஃப்லாக்கைத்தான் பயன்படுத்துகிறது. மொத்தம் பதினைந்து வரிக்குள் அடங்கும்.

அடுத்த மழைக்கால மாலையில் கரண்ட் போகிறது. கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் எழுகிறது. ஸ்கிரிப்ட்டுக்குப் பக்கத்தில் பழைய கோப்பு கிடக்கிறது, உள்ளே 2317 என்று இருக்கிறது. அந்த எண்ணில் இப்போது யார் ஓடுகிறார்கள் என்று ஸ்கிரிப்ட் கேட்கவே இல்லை. பூட்டைக் கேட்கிறது, கெர்னல் உடனே கொடுக்கிறது. 2317 துடைக்கப்பட்டு 1184 எழுதப்படுகிறது. கேபிள் வழியே எழுத்துகள் உடையாமல் வருகின்றன. டிரைவர் எடைச் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வண்டியை மேடையிலிருந்து மெதுவாக இறக்குகிறார்.